பழங்கலம் புதுக்கிய மாலுமி

கப்பலின் பாய்மரத்தைப் பண்டைத் தமிழர் கூம்பு என்றனர். கலம் செலுத்துவோனை மீகாமன் என்றனர். காவிரிப்பூம்பட்டினத்துக்கும் கொற்கைக்கும் வந்து சென்ற கலங்களைச் சங்கச் சான்றோர் பலர் பாடியுள்ளனர். ஆயின், அக்கலங்களின் ஓட்டை அடைத்து, முறிந்த கூம்பை மாற்றி, கிழிந்த பாயைத் தைத்துக் கொடுத்த தொழிலாளரைப் பற்றி இன்று அறியக் கிடைப்பன மிகச் சிலவே. கலம் செலுத்துதல் புகழ் தரும் தொழில். அதனைச் செப்பனிடுதல் புகழ் தாராத தொழில். இவ்விரண்டையும் ஒருங்கே தம் இரு கைகளால் செய்து, தனி ஒருவராய்ப் பாய்க்கலத்தில் உலகை முதன்முதலில் வலம் வந்தவர் ஜோஷுவா ஸ்லோக்கம் என்பவர்.

அவர் 1844-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 20-ஆம் நாள், இன்று கனடா நாட்டின் பகுதியாக உள்ள நோவா ஸ்கோஷியாவில், குளிர் மிகுந்த மலைச்சாரல் ஒன்றில் பிறந்தார். தந்தையார் உழவர். நிலம் போதிய பயன் தாராமையால், அவர் குடும்பத்தோடு கடற்கரைத் தீவு ஒன்றுக்குக் குடிபெயர்ந்து, மீனவர் அணியும் தோற்காலணிகளைத் தைத்து விற்கலானார். பத்து வயதில் ஜோஷுவா பள்ளியை விட்டுத் தந்தையின் பட்டறையில் அமர்த்தப்பட்டார். கண்ணுக்கு முன்னே கடல். கையிலோ தோலும் ஊசியும். ஒருநாள் அவர் வீட்டின் நிலவறையில் மறைந்திருந்து சிறிய கப்பல் ஒன்றை மரத்தில் செதுக்கிக்கொண்டிருந்தார். அதனைக் கண்ட தந்தையார் சினங்கொண்டு, அவ்விளையாட்டுக் கப்பலை உடைத்தெறிந்தார் என்பர். மைந்தனுக்குத் தொழிற்பற்று வேண்டும் என்று கருதிய தந்தையைக் குறை கூறுதற்கில்லை. எனினும், எந்தத் தொழிலில் பற்று என்பதை அவர் ஆராயாது போனார்.

பதினான்கு வயதில் அவர் மீன்பிடி கலம் ஒன்றில் சமையற்காரராய்ச் சேர்ந்தார். சமையல் அவருக்குக் கைவரவில்லை. தாயார் 1860-இல் இறந்தபின் வீட்டை அறவே துறந்து கடலுக்குச் சென்றார். இரவிற் படித்துத் தேர்வெழுதிப் பதினெட்டு வயதில் இரண்டாம் துணைமாலுமி ஆனார். இருபத்தைந்து வயதளவில் கலத்தலைவராய் உயர்ந்தார். அமெரிக்கக் குடிமகனாகிப் பசிபிக் மாகடலில் பல்லாண்டு வாணிகக் கலங்களைச் செலுத்தினார். 1871-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் வர்ஜீனியா என்னும் நங்கையை மணந்தார். அவ்வம்மையார் கணவரோடு கப்பலிலேயே வாழ்ந்து, மக்களைப் பெற்று, அவர்களுக்குக் கல்வியும் புகட்டினார்.

காலம் மாறிற்று. நீராவிக் கப்பல்கள் பெருகப் பெருகப் பாய்க்கப்பல்களின் வாணிகம் தேய்ந்தது. 1884-இல் வர்ஜீனியா இறந்தார். 1887-ஆம் ஆண்டின் இறுதியில் ஸ்லோக்கத்தின் சொந்தக் கலமாகிய 'அக்விட்னெக்' பிரேசில் நாட்டுக் கரையில் தரைதட்டி அழிந்தது. இரண்டாம் மனைவியோடும் மைந்தர் இருவரோடும் அயல்நாட்டுக் கடற்கரையில் நின்ற அவர், ஊர் திரும்ப எவர் உதவியையும் நாடவில்லை. உடைந்த கலத்திலிருந்து எடுத்த பொருள்களையும் அங்கே கிடைத்த மரத்தையும் கொண்டு 35 அடி நீளமுள்ள படகு ஒன்றைக் கட்டினார். அது 1888-ஆம் ஆண்டு மே 13-ஆம் நாள் நீரில் இறக்கப்பட்டது. பிரேசிலில் அடிமைகள் விடுதலை பெற்ற நாளும் அதுவே. ஆதலின் படகுக்கு விடுதலை என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். ஏறத்தாழ 5,500 மைல் கடந்து குடும்பம் அமெரிக்கா வந்து சேர்ந்தது. உயிர் மிஞ்சிற்று, தொழில் மிஞ்சவில்லை. பாய்க்கப்பல் தலைவருக்கு வேலை தருவார் எவரும் இலர்.

1892-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், பாஸ்டன் நகரில் வேலை தேடித் திரிந்த அவரை, திமிங்கில வேட்டைக் கலத்தலைவராய் முன்னர் இருந்த ஈபன் பியர்ஸ் என்னும் நண்பர் சந்தித்தார். ஃபேர்ஹேவன் என்னும் ஊருக்கு வந்தால் கப்பல் ஒன்று தருவதாகவும், அதில் சிறிது பழுதுபார்க்க வேண்டியிருக்கும் என்றும் அவர் கூறினார். சென்று பார்த்தால், அக்கப்பல் நீரில் இல்லை. கடலுக்குச் சற்றுத் தொலைவில், மேய்ச்சல் நிலம் ஒன்றில், முட்டுக்கொடுத்து நிறுத்தப்பட்டுக் கித்தான் போர்த்திக் கிடந்தது. 'ஸ்பிரே' என்பது அதன் பெயர். அதன் வயதை ஊரார் எவரும் அறியார். பழங்கலத்தை உடைத்து விறகாக்கவே ஒருவர் வந்துள்ளார் என்று அவர்கள் எண்ணினர். திருத்திக் கட்டப் போகிறார் என்று கேட்டதும் வியந்து, அதனால் ஆகும் பயன் யாது என்று நாள்தோறும் வந்து வினவினர்.

அவர் கோடரியை எடுத்து அருகில் நின்ற ஓக் மரம் ஒன்றை வெட்டி வீழ்த்தினார். அதுவே கலத்தின் அடிமரம் ஆயிற்று. நம் நாட்டுக் கலம் கட்டுவோர் ஏரா என்பது இதனையே. வங்கு எனப்படும் விலாச்சட்டங்களுக்கு நேராக வளர்ந்த இளமரங்களைத் தேர்ந்தெடுத்தார். அவற்றை ஆவிப்பெட்டியில் இட்டு, இளகிய பின்னர் எடுத்து, உருட்டுமரம் ஒன்றின்மேல் வளைத்து, வளைவு நிலைக்கும்வரை கட்டி வைத்தார். அணியத்து முன்மரத்துக்கு மேய்ச்சல் நிலத்தில் வளர்ந்த வலிய ஓக் மரத்தின் அடித்தண்டை வைத்தார். ஒன்றரை அங்குலக் கனமுள்ள பைன் பலகைகளைப் பக்கங்களில் அறைந்தார். பலகைகளின் உள்விளிம்புகள் ஒளி புகாதபடி நெருங்கியிருக்க, வெளிவிளிம்புகளைச் சிறிது விலக்கி வைத்தார். கலப்பற்று அடிப்பதற்கு அவ்விடைவெளி வேண்டும். முதலில் பருத்தி நூலும் அதன்மேல் சணல்நாரும் திணித்து இறுக்கினார். தூத்துக்குடித் தோணிகளைக் கட்டிய தச்சர் இவ்வேலையைக் கண்டிருந்தால் தம் வேலையாகவே கொண்டிருப்பர்.

பழைய உறுப்பு ஒன்றை நீக்குவதும், அதன் அளவைக் கொண்டே புதிய உறுப்பு ஒன்றைப் பொருத்துவதுமாக வேலை நடந்தது. ஆதலால் பழங்கலம் எங்கே முடிந்தது, புதுக்கலம் எங்கே தொடங்கியது என்பதை அவராலும் கூற இயலவில்லை. எல்லா உறுப்புகளும் மாறியும் பெயர் மாறவில்லை. பதின்மூன்று திங்கள் உழைப்பும், பொருள்களுக்காக 553 டாலர் 62 சென்டும் செலவாயின. நியூ ஹாம்ப்ஷயர் நாட்டு ஸ்புரூஸ் மரத்தால் ஆகிய பாய்மரம் நட்டு நின்றது. கலத்தின் நீளம் 36 அடி 9 அங்குலம். அகலம் 14 அடி 2 அங்குலம். கரையோரத்துத் தேவதாரு முளையில் கட்டப்பட்டு, புதுக்கிய 'ஸ்பிரே' நீரில் மிதந்தது.

ஒரு பருவம் மீன்பிடித்துப் பார்த்தார். அதிலும் ஊதியம் இல்லை. பின்னரே உலகைச் சுற்றி வருவது என்று துணிந்தார். 1895-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள் பாஸ்டனிலிருந்து புறப்பட்டார். அவருக்கு வயது 51. குளோஸ்டர் துறையில் சில நாள் தங்கி வேண்டுவன சேர்த்தார். (இலங்கையின் வல்வெட்டித்துறையில் கட்டப்பெற்ற 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பலைத் தமிழ் மாலுமிகள் 1938-இல் கொண்டு சேர்த்ததும் இதே குளோஸ்டர் துறைக்குத்தான்.) துல்லியமான கப்பற்கடிகாரத்தைச் செப்பம் செய்யப் பதினைந்து டாலர் கேட்டனர், அதனை விட்டுவிட்டு, முகப்புடைந்த தகரக் கடிகாரம் ஒன்றை ஒரு டாலருக்கு வாங்கிக்கொண்டார். உலகை வலம்வர அதுவே போதுமாயிற்று.

இவ்விடத்தில் பாயின் அமைப்பைச் சிறிது அறிந்துகொள்ளல் வேண்டும். அத்தகைய கலங்களின் பெரும்பாய் நான்கு பக்கமுடையது. அதன் முன்விளிம்பு பாய்மரத்தை ஒட்டி நிற்கும். மேல்விளிம்பும் அடிவிளிம்பும் தனித்தனிப் பருமல்களில் கட்டப்பெறும். பருமல் பாய்மரத்தைத் தொடும் முனையில், கவைத்தடி போன்ற இருபுறக் கவை ஒன்று பாய்மரத்தை அணைத்துக்கொண்டிருக்கும். முன்விளிம்பைப் பாய்மரத்தோடு பிணைக்க மரவளையங்களைக் கோப்பது அக்கால வழக்கம். பிற்காலத்து உல்லாசப் பாய்ப்படகுகளில் வளையங்களுக்கு மாறாக, பாய்மரத்தின் பின்புறம் நெடுகத் தண்டவாளம் போன்ற உலோகத் தடம் ஒன்று திருகப்பட்டு, அதில் சிறு சிறு ஓடிகள் மேலும் கீழும் ஓடும். பழையதாயினும் புதியதாயினும் இடர் ஒன்றே. ஓடி ஒன்று உடைந்தால் அதன் சுமை அடுத்ததன்மேல் ஏறும், அதுவும் உடையும். திருகு ஒன்று தளர்ந்து தடம் வளைந்தால், பாய் ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது. சூறைக்காற்றில் இறங்காத பாய் கலத்தைக் கவிழ்த்துவிடும். கைவிரல் அளவே உள்ள ஓர் உறுப்பை நம்பி ஓர் உயிர் இருக்கிறது என்பது கரையில் இருப்போர்க்கு எளிதில் விளங்குவதில்லை.

அட்லாண்டிக் மாகடலைக் கடந்து ஜிப்ரால்டர் அடைந்த ஸ்லோக்கம், சூயஸ் வழியே கிழக்கு நோக்கிச் செல்ல எண்ணியிருந்தார். அவ்வழியில் கடற்கொள்ளையர் மிகுதி என்று அங்கிருந்த கடற்படையினர் எச்சரித்தமையால், வந்த கடலையே மீண்டும் கடந்து மேற்கே செல்லத் துணிந்தார். கொள்ளையர் அங்கும் இருந்தனர்! மொராக்கோ நாட்டுக் கரையை அடுத்து ஒரு கலம் அவரைத் துரத்தி வந்தது. இரு கலங்களும் நெருங்கிய வேளையில் பெருங்காற்றும் பேரலையும் மோதின. 'ஸ்பிரே'யின் அடிப்பருமல் முறிந்தது. அவர் பாய்ந்து சென்று பாயைச் சுருட்டினார். பகைவர் என்ன ஆனார் என்று திரும்பிப் பார்த்தபோது, அக்கலத்தின் பாய்மரமே கடலில் வீழ்ந்து கிடந்தது. இருவர்க்கும் ஒரே காற்று. ஒருவர் கலத்தில் பருமல் முறிந்தது, மற்றவர் கலத்தில் மரமே முறிந்தது. அவ்வளவே வேறுபாடு, அதனால் அவர் உயிர் தப்பினார்.

நாற்பது நாளில் பிரேசிலின் பெர்னாம்புகோ துறையை அடைந்து பழுதைப் பார்த்தார். முறிந்த பகுதியை அறுத்து நீக்கியதால் அடிப்பருமலின் உள்முனையில் ஏறத்தாழ நான்கு அடி குறைந்தது. பாய்மரத்தை அணைக்கும் கவையை மீண்டும் அம்முனையில் பொருத்தினார். கவை பெரிதானால் பருமல் ஆடி மரத்தைத் தேய்க்கும். சிறிதானால் இறுகிப் பாய் நகராது. அளவறிந்து செதுக்க வேண்டிய வேலை அது.

அதன்பின் உருகுவே நாட்டுக் கரையில் கலம் மணலில் ஏறியது. கலத்தை நீருக்கு இழுக்க வேண்டி, நங்கூரத்தைச் சிற்றோடத்தில் ஏற்றிக்கொண்டு அலைகளுக்கு வெளியே சென்றபோது ஓடம் கவிழ்ந்தது. உலகக் கடல்களை எல்லாம் கண்ட அந்த மாலுமிக்கு நீந்தத் தெரியாது. ஓடத்தின் விளிம்பைப் பற்றிக்கொண்டே கரை சேர்ந்தார்.

புவெனஸ் ஐரிஸ் நகரில் அவர் செய்த வேலை துணிவுடையது. நல்ல நிலையில் இருந்த பாய்மரத்தைக் கழற்றி எடுத்து, அதன் உயரத்தில் ஏழு அடியை வெட்டிக் குறைத்தார். அணியத்தில் முன்னோக்கி நீளும் தண்டிலும் ஐந்து அடியளவு குறைத்தார். தென்கோடிக் கடலின் காற்றுக்கு உயர்ந்த பாய் பொருந்தாது. உயரம் மிகுந்தால் கலம் சாயும். வளர்ப்பதில் பெருமை கொள்ளும் உலகில் குறைப்பதற்கும் அறிவு வேண்டும். அணியத் தண்டை மேலும் ஓர் அடி குறைத்திருக்கலாம் என்று பின்னர்ப் பன்முறை அவர் வருந்தியதுண்டு. அலையின்மேல் தொங்கும் அந்நுனியில் அமர்ந்து பாயைச் சுருக்கியவருக்கே அவ்வோர் அடியின் அருமை தெரியும்.

1896 பிப்ரவரியில் மகெல்லன் நீரிணையை அடைந்தார். அங்கே வழிப்பறி செய்வோர் உண்டு என்று கூறி, நண்பர் ஒருவர் ஒரு பை நிறையச் சிறு ஆணிகளை அளித்தார். அவர் இரவில் தளத்தின்மேல் ஆணிகளைப் பரப்பிவிட்டு உறங்கினார். வெறுங்காலோடு ஏறியவர் அலறிக் கடலில் குதித்து ஓடினர். மனிதரை ஆணியால் வென்றவரைக் காற்று எளிதில் விடவில்லை. மார்ச்சுத் திங்களில் பசிபிக் கடலுக்குள் நுழைந்த உடனே கடும்புயல் அவரைத் தெற்கே அடித்துச் சென்றது; பெரும்பாய் கந்தலாய்க் கிழிந்தது. இருளில் பாறைகளின்மேல் நுரைத்தெழும் அலைகளுக்கு நடுவே தப்பி மீண்டும் நீரிணைக்குள் வந்தார். கைக்குக் கிடைத்த துணிகளை ஒட்டுப்போட்டுத் தைத்தார். தந்தையின் பட்டறையில் வெறுப்போடு பிடித்த ஊசி இப்போது பயன்பட்டது போலும்! பின்புறத்தில் சிறிய பாய்மரம் ஒன்றையும் அங்கே நாட்டினார். பன்முறை புறப்பட்டும் காற்றால் திருப்பப்பட்டு, ஏப்ரல் 13-ஆம் நாளே வெளியேறினார்.

இச்சிறு பாய்மரத்தின் பயன் பின்னரே விளங்கிற்று. அடிப்பருமலைக் குறைத்தபோது பாயின் காற்றுத்தாங்கும் நடுவிடம் சற்று முன்னே நகர்ந்தது. பின்புறப் பாய் அதனை ஈடுசெய்தது. நீண்ட அடிமரமும் இப்பாய்ப்பொருத்தமும் சேர்ந்து, சுக்கானைக் கட்டிவைத்தாலும் கலம் தன் வழியே செல்லும் இயல்பைத் தந்தன. இந்துமாக்கடலில் கீலிங் தீவுகளை நோக்கிய 2,700 மைல் பயணத்தை 23 நாளில் முடித்தார். அந்நாள் அனைத்திலும் சேர்த்து அவர் சுக்கானைப் பிடித்திருந்தது மூன்று மணி நேரத்துக்கு மேல் இல்லை. மற்றைய நேரத்தில் அவர் படித்தார், சமைத்தார், தைத்தார், உறங்கினார்.

வழியில் அவர் கண்டன பல. சமோவாவில், 'புதையல் தீவு' எழுதிப் புகழ்பெற்று 1894-இல் மறைந்த ஸ்டீவன்சனின் மனைவியார் அவரை அன்போடு வரவேற்று, தம் நிலத்து மூங்கிலைக் கலத்துக்கு வெட்டிக்கொள்ளச் செய்தார். சிட்னியில் ஓர் அன்பர் புதிய பாய்கள் அனைத்தையும் அளித்தார். ஒட்டுப்போட்ட பாய்க்கு ஓய்வு கிடைத்தது. கீலிங் தீவில் பவளப்பாறை ஒன்றில் கலம் முட்டியபோது பாறை பிளந்தது. மேய்ச்சல் நிலத்து ஓக் முன்மரத்தில் கீறலும் இல்லை. தமிழர் பலர் வாழும் மொரீசியஸில் 1897 செப்டம்பரில் தங்கினார். நவம்பரில் டர்பன் நகரை அடைந்தார். காந்தியடிகள் அந்நகரில் வழக்கறிஞராய் வாழ்ந்த காலம் அது. டிரான்ஸ்வால் நாட்டுத் தலைவர் குரூகர் உலகம் தட்டை என்று நம்பியவர். உலகைச் சுற்றுவதாக ஒருவர் கூறியதை அவர் ஏற்கவில்லை. செயின்ட் ஹெலினாவில் அன்பளிப்பாய் வந்த வெள்ளாடு ஒன்று, மேற்கிந்தியத் தீவுகளின் கடற்படத்தையும் மாலுமியின் தொப்பியையும் தின்று தீர்த்தது.

ஊர் நெருங்கிய வேளையில் இறுதிச் சோதனை வந்தது. 1898 ஜூன் திங்களில், காற்று வலுத்திருந்தபோது, பாய்மரத்தை முன்புறம் தாங்கி நின்ற கட்டுக்கயிறு உச்சியில் அறுந்து, முன்பாயோடு கடலில் வீழ்ந்தது. பாய்மரம் நாணல் போல் ஆடலாயிற்று. அது வீழ்ந்தால் 'ஸ்பிரே'க்கு அடுத்த துறை இல்லை. 54 வயதுடைய அவர் முதலில் கடலில் கிடந்த பாயை இழுத்துச் சேர்த்தார். பின்னர், ஆடிக்கொண்டிருந்த அம்மரத்தின்மேலேயே ஏறினார். தாங்க ஒரு கையும் தொழில் செய்ய ஒரு கையுமாக, கப்பியும் கயிறும் கொண்டு மரத்தை முன்னோக்கி இழுத்துக் கட்டினார். ஏழு அடி குறைந்திருந்த குட்டை மரம் முறியாது நின்றது. ஜூன் 27-ஆம் நாள் நியூபோர்ட் துறையை அடைந்தார். மூன்று ஆண்டு இரண்டு திங்களில் கடந்த தொலைவு ஏறத்தாழ 46,000 மைல். அதனோடு அவர் நிற்கவில்லை. ஜூலை 3-ஆம் நாள் ஃபேர்ஹேவனுக்குச் சென்று, கலத்தை முதன்முதல் கட்டிய அதே தேவதாரு முளையில் மீண்டும் கட்டினார்.

1900-இல் வெளிவந்த அவருடைய பயண நூல் அவரைப் பல நாட்டார் அறியச் செய்தது. நூல் விற்ற பணத்தில் தீவு ஒன்றில் பண்ணை வாங்கிப் பயிர் செய்ய முயன்றார். மண் அவரைப் பிடித்து வைக்கவில்லை. குளிர்காலந்தோறும் கரீபியக் கடலுக்குத் தனியே செல்லலானார். முதுமை வந்தது, பணம் குறைந்தது. அக்காலத்தில் 'ஸ்பிரே'யைக் கண்டவர்கள், அதன் கயிறுகள் நைந்தும் தளம் பேணப்படாதும் இருந்ததைக் குறித்துள்ளனர். அயல்நாட்டுத் துறைகளில் ஒரு கவையைக்கூட அளவு தவறாமல் செதுக்கிய கை, தன் ஊர்த் துறையில் ஏனோ ஓய்ந்துவிட்டது.

1909-ஆம் ஆண்டு நவம்பரில், தென் அமெரிக்க ஆறுகளைக் காண எண்ணி, 65 வயதில் அக்கலத்தில் தனியே புறப்பட்டார். எத்துறையிலும் அவர் சேர்ந்ததாகச் செய்தி இல்லை. கலத்தின் பலகை ஒன்றும் கரை ஒதுங்கவில்லை. பதினைந்து ஆண்டுகள் காத்திருந்த பின், 1924-இல் சட்டப்படி அவர் இறந்தவராக அறிவிக்கப்பட்டார்.